கடைசி வீட்டுக்காரி

நான் பிறந்து வளர்ந்த ரப்பர் தோட்டத்தில் சேதி பிறக்கிற இடம் குழாயடி. விடியற்காலையில் பெரட்டுக்குப் போகுமுன் பெண்கள் தண்ணீர் பிடிக்க வருவார்கள். ஒரு வாளி நிறைவதற்குள் ஒருத்தி வீட்டு விஷயம் இன்னொருத்தி வாய்க்குப் போய்விடும். இப்போது வீட்டுக்கு வீடு குழாய் இருக்கிறது. குழாயடி போனதால் ஊர்ப்பேச்சும் போயிற்றா என்றால், அதுதான் இல்லை. நான் பிறகு வேலை பார்த்த தோட்டத்தில் அது பள்ளிக்கூட வாசலுக்கு இடம் மாறியிருந்தது. மதியம் பிள்ளைகளை அழைத்துப் போக வரும் தாய்மார்கள் மணி அடிக்கும்வரை கேட்டுக்கு வெளியே மரத்தடியில் நிற்பார்கள். மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு ஆண்களும் நாலைந்து பேர் நிற்பார்கள். ஆண்கள் புறம் பேசுவதில்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்.

அந்த வாசலில் 2014-ஆம் ஆண்டு நான் பேசிய ஒரு பேச்சைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். எழுத இத்தனை ஆண்டுகள் ஆகிவிட்டன.

தெலுக் இந்தானிலிருந்து முக்கால் மணி நேரப் பயணத்தில் இருக்கும் செம்பனைத் தோட்டம் அது. ஒரு காலத்தில் நூற்றுக்கு மேல் தமிழ்க் குடும்பங்கள் இருந்த இடத்தில் அப்போது முப்பதுக்குள்தான் மிச்சம். மற்ற வரிசைகளில் வங்காளதேசத்து ஆட்களும் இந்தோனேசிய ஆட்களும் குடியிருந்தார்கள். ஆகவே புதிதாக ஒரு தமிழ்க் குடும்பம் வருகிறது என்றால் எங்களுக்கெல்லாம் திருவிழா மாதிரி. 2013 கடைசியில், பள்ளி விடுமுறையில், அப்படி ஒரு குடும்பம் வந்தது. கணவனுக்கு எண்ணெய் ஆலையில் பாய்லர் வேலை. ஷிப்டு மாறி மாறி வரும். மனைவிக்கு முப்பது வயதிருக்கும். ஒரே மகள், அடுத்த ஜனவரியில் இரண்டாம் வகுப்புக்குப் போக வேண்டியவள். கடைசி வரிசையில் கடைசி வீடு அவர்களுக்குக் கிடைத்தது. அன்றிலிருந்து அந்தப் பெண்ணுக்குக் கடைசி வீட்டுக்காரி என்றே பெயர் வந்துவிட்டது.

முதல் வாரமே மண்டோர் மனைவி அவளை வீட்டுக்கு அழைத்துக் காப்பி கலக்கினாள்.

"இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்கா, வேணாம்" என்றாள் கடைசி வீட்டுக்காரி.

"அப்ப பாதி கிளாசாவது..."

"வேணாங்கா."

சரி, ஒரு நாள் அப்படி இருக்கலாம். அடுத்து ஒரு வீட்டில் மோர் கொடுத்தார்கள், அதுவும் வேண்டாம். வீட்டுக்குப் பின்னால் இருந்த மரத்தில் பறித்த இளநீரை ஒரு பெரியவர் வெட்டியே கையில் கொடுத்துவிட்டார். வாங்கி வைத்துக்கொண்டிருந்து, அவர் தலை மறைந்ததும் பக்கத்து வீட்டுப் பையனிடம் கொடுத்துவிட்டாள். மாரியம்மன் திருவிழா அன்னதானத்தில் இலையில் உட்காராமல் மகளுக்கு மட்டும் ஊட்டிவிட்டு எழுந்து போனாள். கோவிலைத் துப்புரவாக்கும் கோத்தோங் ரோயோங்கிற்கு வீட்டுக்கொரு பெண் வரவேண்டும் என்றார்கள். வந்தாள், ஆனால் வாளியை வலது கையால் மட்டும்தான் தூக்கினாள், இடது கையை மடியோடு சேர்த்து வைத்துக்கொண்டாள். எவ்வளவு வெயிலடித்தாலும் மணிக்கட்டுவரை மூடிய முழுக்கை ரவிக்கை.

இவையெல்லாம் கூடப் பரவாயில்லை. செவ்வாய், வியாழன், சனி என்று வாரத்தில் மூன்று நாள் பிற்பகல் மூன்று மணிக்கெல்லாம் ஒரு பழைய புரோட்டோன் கார் வந்து கடைசி வரிசையில் நிற்கும். அவள் ஏறிப் போவாள். இரவு பத்து மணிக்கு மேல் திரும்பி வருவாள். பெரும்பாலும் ஓட்டி வருபவன் ஒரு சீன வாலிபன். சில நாள் வேறு காரில் ஒரு மலாய்க்காரர். கணவன் ஷிப்டில் இருப்பான். மகளை அடுத்த வீட்டுப் பாட்டியிடம் விட்டுப் போவாள். அந்தப் பாட்டிக்குக் காது கேட்காது. ஆகையால் அங்கிருந்தும் சேதி கிடைக்க வழியில்லை.

சேதி கிடைக்காத இடத்தில் பேச்சு நிற்பதில்லை. பள்ளிக்கூட வாசலில் ஒவ்வொருத்தியும் ஒரு துண்டு கொண்டு வந்து தைத்தாள். முழுக்கை ரவிக்கைக்குக் காரணம் ஊசிப் புண் என்றாள் ஒருத்தி. தன் கொழுந்தன் கையில் அப்படிப் பார்த்திருக்கிறாளாம். பணக்காரத் திமிர் என்றாள் ஒருத்தி. இரவு கார் விஷயத்தைப் பற்றிப் பேசும்போது குரல் தணியும். என்ன சொல்லியிருப்பார்கள் என்று நான் எழுத வேண்டியதில்லை. ஆனால் எல்லோரும் ஒரே குரலாக ஒப்புக்கொண்டது ஒன்று உண்டு: "நம்ம வீட்டுத் தண்ணி தொடமாட்டேங்கிறா. சாதி பாக்குறா."

இதைக் கேட்டபோது என் மனம் ஏன் அப்படிக் கொதித்தது என்பதற்கு என் பாட்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

தோட்டத் தொழிலாளர்கள் மலாயாவுக்கு வருவதை 1938-இல் இந்திய அரசாங்கம் தடுத்து நிறுத்தியது. அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் சிறுமியாகத் தாய் தகப்பனோடு ரஜூலா கப்பலில் வந்து பினாங்கில் இறங்கியவர் என் பாட்டி. சாதிக்கொரு லயம் என்று பிரித்துக் குடிவைத்த தோட்டங்கள் இருந்த காலம் அது. பெரியார் 1929 கடைசியில் மலாயாவுக்கு வந்து பல ஊர்களில் பேசிவிட்டுப் போயிருந்தார். பட்டணங்களில் சீர்திருத்தப் பேச்சு சூடு பிடித்திருந்தது. ஆனாலும் எங்கள் தோட்டத்துப் பெரிய கங்காணி வீட்டில் பாட்டிக்குத் தண்ணீர் தேங்காய்ச் சிரட்டையில்தான் கிடைத்தது. அந்தச் சிரட்டை வேலிக் கம்பில் தனியாகச் செருகியிருக்குமாம். பாட்டி இதைச் சொல்லும்போது அழமாட்டார். இரண்டு கைகளையும் குவித்து, "இம்புட்டுதான் இருக்கும் அந்தச் சிரட்டை" என்று அளவு காட்டுவார். கங்காணி வீட்டு அம்மாள் எங்கள் லயத்துப் பக்கம் வந்தால், வெயிலில் நாக்கு வறண்டாலும் எங்கள் வீட்டுத் தண்ணீரைத் தொடமாட்டாராம். "நம்ம வீட்டுத் தண்ணி குடிக்காதவ வீட்டு வாசப்படிய மிதிக்காத" என்பது பாட்டி எங்களுக்குப் போட்டுவைத்த சட்டம். அவர் 1999-இல் இறந்தார். சட்டம் என்னிடம் தங்கிவிட்டது.

ஆகவே "தண்ணி தொடமாட்டேங்கிறா" என்ற நாலு சொல் எனக்குப் போதுமானதாக இருந்தது. அதற்கு வேறு பொருள் இருக்கலாம் என்று ஒரு கணம் கூட நான் நினைக்கவில்லை. கணக்குப் பாடத்தில் வழிமுறையை எழுதாமல் விடையை மட்டும் எழுதும் பிள்ளைக்கு மதிப்பெண் குறைக்கிறவள் நான். அதையும் சொல்லிவிடுகிறேன்.

இருந்தாலும் ஒரு முறை முயன்று பார்ப்போம் என்று தோன்றியது. எங்கள் ஆசிரியர் வீட்டு முற்றத்தில் ஒரு பிலிம்பிங் மரம் இருந்தது. குறுக்கே வெட்டினால் ஐந்து மூலை நட்சத்திரம் போல இருக்குமே, அந்தப் பழம். அந்த மே மாதம் மரம் கொள்ளாமல் காய்த்தது. நல்ல பழமாகப் பத்துப் பன்னிரண்டு பொறுக்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு அவள் மகளிடம் கொடுத்தனுப்பினேன். "அம்மாட்ட கொடுத்து, டீச்சர் வீட்டு மரத்துப் பழம்னு சொல்லு" என்றேன்.

இரண்டு நாள் கழித்து, பள்ளிக்கு வராத ஒரு பையனைத் தேடிக் கடைசி வரிசைப் பக்கம் போனேன். குப்பைத் தொட்டியில் அதே பை, முடிச்சுக் கூட அவிழ்க்காமல். பழங்கள் கறுத்து ஈ மொய்த்துக்கொண்டிருந்தன.

அந்த நிமிடத்தில் நான் முப்பத்தைந்து வயது ஆசிரியை இல்லை. சிரட்டையைக் கையில் பிடித்துக்கொண்டு வேலிக்கு வெளியே நின்ற சிறுமி என்றுதான் சொல்ல வேண்டும்.

மறுநாள் மதியம் வாசலில் வழக்கமான கூட்டம். கடைசி வீட்டுக்காரியைப் பற்றித்தான் பேச்சு. மண்டோர் மனைவி என்னைப் பார்த்து, "நீங்க என்னா நெனைக்கிறீங்க டீச்சர்?" என்று கேட்டாள். அதுவரை அந்தப் பேச்சுகளில் நான் கலந்துகொண்டதில்லை. சிரித்துவிட்டுப் போய்விடுவேன். அன்று நின்றேன்.

"நம்ம கையால கொடுத்தா பழம்கூட தீட்டு. ராத்திரி கார்ல வந்து எறங்குறது மட்டும் தீட்டு இல்ல போலிருக்கு" என்றேன்.

எல்லோரும் கொல்லென்று சிரித்தார்கள். நன்றாகச் சொல்லிவிட்டோம் என்று எனக்கும் இருந்தது. அதுதான் இன்றைக்கும் என்னை உறுத்துகிறது.

தோட்டத்தில் ஆசிரியர் சொல்லுக்கு இருக்கும் எடை உங்களுக்குத் தெரியும். பாரம் நிரப்புவதற்கும் கடிதம் படிக்கவும் மாப்பிள்ளை விசாரிக்கவும் எங்களிடம்தான் வருவார்கள். மற்றவர்கள் வாயில் வெறும் சந்தேகமாக இருந்தது, என் வாயிலிருந்து வந்ததும் தீர்ப்பாகிவிட்டது. "டீச்சரே சொன்னாங்க" என்ற முத்திரையோடு அது மாலைக்குள் எல்லா வரிசைக்கும் போய்விட்டது.

ஒரு வாரத்திற்குள் ஒரு தாய் என்னிடம் வந்தாள். "டீச்சர், எம்மவள அந்தப் பிள்ளைகிட்டேருந்து இடம் மாத்திடுங்க. வீட்டுல அப்பா சத்தம் போடுறாரு." இரண்டு சிறுமிகளும் ஜனவரியிலிருந்து ஒரே மேசையில் உட்கார்ந்து ஒரே அழிப்பானைப் பகிர்ந்துகொண்டவர்கள். நான் மறுத்திருக்கலாம். வகுப்பு என் பொறுப்பு. யாரை எங்கே உட்கார வைப்பது என்று சொல்ல வேறு யாருக்கும் உரிமை கிடையாது. ஆனால் காரணம் கேட்டால் நான் பேசிய பேச்சையே அவள் எனக்குத் திருப்பிச் சொல்வாள் என்று தெரிந்தது. இடம் மாற்றிவிட்டேன். கடைசி வீட்டுக்காரியின் மகள் வகுப்பிலும் கடைசி மேசையில் தனியாக உட்கார்ந்தாள்.

ஜூன் மாதத்தில் அவளுக்குப் பிறந்தநாள் வந்தது. ஒரு டப்பா நிறைய மிட்டாய் கொண்டு வந்தாள். வரிசை வரிசையாகப் போய் நீட்டினாள். சில பிள்ளைகள் எடுத்துக்கொண்டார்கள். ஏழெட்டுப் பேர் எடுக்கவில்லை. "அம்மா வாங்கக்கூடாதுன்னாங்க" என்றான் ஒரு பையன், வெள்ளந்தியாக. அவள் அழவில்லை. டப்பாவை மூடி மேசைக்கு அடியில் வைத்துவிட்டுப் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டாள். நான் கரும்பலகையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டேன். அன்று எழுதிய வாக்கியம் என்ன என்பது நினைவில்லை, எழுதிக்கொண்டே இருந்தேன் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

அதே மாதம் என் தாய்மாமனுக்கு இனிப்பு நீரினால் சிறுநீரகம் இரண்டும் கெட்டுவிட்டது என்று மருத்துவர்கள் சொன்னார்கள். கால் வீங்கியபோது நடந்து நடந்து வீங்கியது என்றும், மூச்சு வாங்கியபோது வயதாகிவிட்டது என்றும் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர். இந்த நாட்டில் புதிதாக டயாலிசிஸ் தொடங்குகிறவர்களில் பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவுதான் காரணம். உங்கள் வீட்டில் இனிப்பு நீர் உள்ளவர்கள் இருந்தால், ஆண்டுக்கு ஒரு முறையாவது இரத்தத்தையும் சிறுநீரையும் சோதித்து, சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்று மருத்துவரிடம் வாய்திறந்து கேளுங்கள். மாமா கேட்கவில்லை.

அவருக்குத் தெலுக் இந்தானில் ஒரு டயாலிசிஸ் நிலையத்தில் சனிக்கிழமை சாயங்காலம் இடம் கிடைத்தது. நான்தான் அழைத்துப் போனேன். நீண்ட அறை, இரண்டு பக்கமும் சாய்வு நாற்காலிகள், ஒவ்வொன்றின் பக்கத்திலும் ஆள் உயர இயந்திரம். இரத்தம் குழாய் வழியாக வெளியே போய், சுத்தமாகி, உடம்புக்குத் திரும்பி வருவது கண்ணுக்குத் தெரிந்தது. நான்கு மணி நேரம் அப்படியே கிடக்க வேண்டும், வாரத்திற்கு மூன்று முறை.

நான்காவது நாற்காலியில் கடைசி வீட்டுக்காரி படுத்திருந்தாள்.

முழுக்கை ரவிக்கையின் இடது கை தோள்வரை மடித்துவிடப்பட்டிருந்தது. முழங்கைக்கு மேலும் கீழும் புடைத்த நாளம், அதில் இரண்டு தடித்த ஊசிகள். அடுத்த நாற்காலியில் ஒரு சீனப் பெரியவர் தூங்கிக்கொண்டிருந்தார். காலடியில் முக்காலி போட்டு உட்கார்ந்து கைப்பேசியைப் பார்த்துக்கொண்டிருந்தவன், புரோட்டோன் காரை ஓட்டி வருகிற அந்த வாலிபன், பெரியவரின் மகன். மலாய்க்காரர், எதிர் நாற்காலியில் இருந்த அம்மாவின் மருமகன். மூன்று வீடுகளும் ஒரே வழியில் இருந்ததால் இரண்டு குடும்பத்தார் முறை வைத்துக்கொண்டு மூன்று நோயாளிகளையும் ஏற்றி இறக்கினார்கள். கார் இல்லாத குடும்பம் இவளுடையது ஒன்றுதான். எண்ணெய்க்குப் பணம் கொடுத்தால் சில நாள் வாங்குவார்களாம், பல நாள் வாங்கமாட்டார்களாம்.

அவள் என்னைப் பார்த்துவிட்டாள். அசையக்கூடாத கையோடு அவள் எங்கே போவாள்? முகத்தை மட்டும் அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

அந்த நேரம் பார்த்து மிஸி ஒரு தாளோடு வந்து மாமாவுக்கு உணவுக் கட்டுப்பாட்டை விளக்க ஆரம்பித்தார். தமிழ் மிஸிதான், உரத்த குரல். "தண்ணி, காப்பி, மோர், ரசம் எல்லாம் சேத்து ஒரு நாளைக்கு அரை லிட்டர்தான் ஐயா. கூடக் குடிச்சா நெஞ்சுல தண்ணி கோத்துக்கும். உப்பு கொறைக்கணும். எளநீ வேணாம், வாழைப்பழம் வேணாம். பிலிம்பிங் பழம் மட்டும் வாயிலயே வைக்கக்கூடாது."

"அது ஏன்?" என்றேன் நான். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

"கிட்னி கெட்டவங்களுக்கு அது விஷம்மா. மத்தவங்களுக்குக் கிட்னி வடிகட்டி வெளிய அனுப்பிடும். இவங்களுக்கு உள்ளயே தங்கி மூளைக்கு ஏறிடும். மொதல்ல விக்கல் வரும், நிக்காது. அப்புறம் புத்தி தடுமாறும், வலிப்பு வரும். உயிர் போனவங்களும் இருக்காங்க."

பன்னிரண்டு பழம் கொடுத்தனுப்பியிருந்தேன். நல்லதாகப் பார்த்துப் பொறுக்கி.

மாமாவை இயந்திரத்தில் பூட்டியதும் அவள் நாற்காலிக்குப் பக்கத்தில் போய் நின்றேன். என்ன பேசுவதென்று தெரியவில்லை. அவள்தான் பேசினாள்.

"பழம் கொடுத்தீங்க டீச்சர். அடுத்த வீட்டுக்காவது கொடுத்திருக்கலாம். கொடுத்தா 'டீச்சர் கொடுத்தத அவ சாப்பிடல'ன்னு பேசுவாங்களேன்னு தூக்கிப் போட்டுட்டேன். தப்புதான்."

"ஏம்மா யார்கிட்டயும் சொல்லல?"

"முன்ன இருந்த தோட்டத்துல சொன்னோம் டீச்சர். இது ஒட்டிக்கிற நோவுன்னு நெனைச்சிட்டாங்க. கோயில் சமையல்ல கை வைக்க விடல. போற வீட்டுல எனக்குன்னு ஒரு கிளாச தனியா வச்சாங்க."

கிளாசைத் தனியாக வைத்தார்கள்! நான் ஒன்றும் பேசாமல் நின்றேன். அவள் என்ன நினைத்தாளோ, வலது கையால் என் விரலைப் பிடித்து இடது கையின் புடைப்பின் மேல், ஊசிக்கு எட்ட, மெல்ல வைத்தாள். தோலுக்கு அடியில் தேனீக் கூட்டம் அடைத்து வைத்தது போலக் கிர்ரென்று அதிர்ந்தது. இரண்டு இரத்தக் குழாய்களை அறுவை செய்து இணைத்திருப்பதால் அப்படி ஓடுமாம். அந்த அதிர்வு இருக்கும்வரைதான் அந்தக் கை டயாலிசிசுக்கு உதவும். பாரம் தூக்கினால், இறுக்கிக் கட்டினால், அடைத்துப் போகக்கூடும். "கொழந்தை மாதிரி பாத்துக்கணும்" என்றாள். மகளைப் பெற்ற பிறகு ஏறிய இரத்தக் கொதிப்பு இறங்காமலே போய் இருபத்தெட்டு வயதில் இப்படி ஆயிற்றாம். கல்யாணத்துக்கு முன் தொழிற்சாலையில் வேலை செய்து சொக்சோ கட்டியிருந்ததால் டயாலிசிஸ் செலவு அதில் போகிறது என்றாள்.

பிறகு, "யார்கிட்டயும் சொல்லிடாதீங்க டீச்சர்" என்றாள். சரி என்று வாக்குக் கொடுத்தேன்.

கொடுத்துவிட்டு ஊருக்கு வந்த பிறகுதான் நான் மாட்டிக்கொண்டது புரிந்தது. நான் பரப்பியதை நான்தான் அழிக்க வேண்டும். ஆனால் உண்மையைச் சொல்லவும் கூடாது. திங்கட்கிழமை வாசலில், "கடைசி வீட்டுப் பொண்ணு நல்ல பொண்ணு. நாமதான் தப்பா நெனைச்சிட்டோம்" என்றேன்.

"அப்படியா டீச்சர்? போன மாசம் நீங்கதானே தீட்டுன்னு சொன்னீங்க?" என்றாள் மண்டோர் மனைவி.

"இல்ல, விஷயம் வேற."

"என்னா விஷயம்?"

"சொல்ல முடியாது."

அவ்வளவுதான். என்னென்னவோ நினைத்துக்கொண்டார்கள். டீச்சருக்கே சொல்ல வாய் கூசுகிறது என்று ஒரு புதுப் பேச்சு புறப்பட்டது. நான் துடைக்கப் போய் இன்னும் கொஞ்சம் பூசிவிட்டு வந்தேன். இரண்டு வாரம் சரியாகத் தூங்கவில்லை. என்னைவிடக் கெட்டிக்காரர்கள் வேறு வழி கண்டிருப்பார்கள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவளே எங்கள் வீட்டு வாசலுக்கு வந்தாள். மகளை முற்றத்தில் விட்டுவிட்டுப் படியேறி வந்து, உட்காரச் சொல்லியும் உட்காராமல் கேட்டாள்.

"பழம் தீட்டு, கார் தீட்டில்லைன்னு நீங்க சொன்னீங்களாமே டீச்சர்? எம்மவ சொல்றா. பிள்ளைங்க அத வச்சுப் பாட்டு கட்டிப் பாடுதாம்."

"சொன்னேம்மா" என்றேன்.

மன்னித்துவிடு என்றும் சொன்னேன். அவள் அதற்குப் பதில் சொல்லவில்லை. மன்னித்தேன் என்று இந்நாள்வரை அவள் சொன்னதில்லை. நான் திரும்பக் கேட்டதுமில்லை. கொஞ்ச நேரம் பிலிம்பிங் மரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு, "நீங்களே சொல்லிடுங்க டீச்சர், என் நோவ. நீங்க சொன்னாதான் நம்புவாங்க. எனக்காக வேணாம், பிள்ளைக்காக" என்றாள்.

சொன்னேன். இந்த முறை வாசலில் நின்று சொல்லவில்லை. வீடு வீடாகப் போய், நான் பேசியது பொய் என்பதை முதலில் சொல்லி, பிறகு நோயைச் சொன்னேன். ஒட்டாது என்று ஒவ்வொரு வீட்டிலும் இரண்டு தடவை சொன்னேன். மண்டோர் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். உண்மையாகவே அழுதாள், குறை சொல்லமாட்டேன்.

அதற்குப் பிறகு நடந்தது எனக்கு எதிர்பாராதது. அடுத்த மாதம் ஒரு பூப்புனித நீராட்டு விழா. எல்லா வீட்டுக்கும் அழைப்பு. கடைசி வீட்டுக்கு மட்டும் இல்லை. "பாவம், அதுக்கு அலைச்சல் எதுக்கு?" என்றார்கள். நலங்கு வைக்கிற இடத்தில் நோயாளி வேண்டாமே என்பது சொல்லாமல் விட்டது. தெருவில் பார்த்தால் உச்சுக்கொட்டினார்கள். அவள் காது பட "எத்தனை நாளைக்கோ" என்றார்கள். மகளைப் பார்த்தால் தலையைத் தடவித் தாயில்லாப் பிள்ளை போலப் பேசினார்கள். ஒரு நாள் கடை வாசலில் அவளுக்குப் பொறுக்கவில்லை.

"மொதல்ல கெட்டவளாப் பாத்தீங்க, இப்ப செத்தவளாப் பாக்கிறீங்க. நான் சோறாக்குறேன், துணி துவைக்கிறேன், பிள்ளைய ஸ்கூலுக்கு அனுப்புறேன். வேற என்னாக்கா செய்யணும் உயிரோட இருக்கேன்னு காட்ட?"

யாருக்கும் பதில் வரவில்லை. அந்தக் கூட்டத்தில் நானும் நின்றேன்.

அந்த ஆண்டு தீபாவளிக்கு மறுநாள் அவள் என் வீட்டுக்கு வந்தாள். கையில் அவள் எப்போதும் வைத்திருக்கும் அரை லிட்டர் புட்டி. காலையில் நிரப்பினால் அன்றைய பொழுதுக்கு அவ்வளவுதான். தாகம் எடுத்தால் ஐஸ் கட்டித் துண்டு ஒன்றை வாயில் அடக்கிக்கொள்வாள். நான் எதையும் நீட்டவில்லை. நீட்டக்கூடாது என்று படித்திருந்தேனே! பேசிக்கொண்டே இருந்தவள், "டீச்சர், உங்க வீட்டுத் தண்ணி ஒரு வாய் கொடுங்க" என்றாள். எழுந்து போய் இருந்ததிலேயே சிறிய டம்ளரில் கொஞ்சம் கொண்டு வந்தேன். குடித்தாள். தன் புட்டியைத் திறந்து, குடித்த அளவைக் கண்ணால் கணக்குப் பார்த்து, வாசலில் இருந்த ரோஜாச் செடிக்கு ஊற்றிவிட்டு மூடிக்கொண்டாள்.

பிள்ளைகள் விஷயம் மட்டும் சரியாகவில்லை. பழைய மேசைக்கே இருவரையும் கூட்டி வந்து உட்கார வைத்தேன். அந்தத் தோழிக்கு அதற்குள் வேறு சிநேகிதி கிடைத்திருந்தாள். இவளும் தனியாக இருந்து பழகிவிட்டாள். அழிப்பானைக் கேட்டு வாங்கமாட்டாள், தப்பாக எழுதினால் எச்சில் தொட்டுத் தேய்ப்பாள். 2016-இல் நிலையத்துக்கு அருகில் வீடு கிடைத்து அவர்கள் தெலுக் இந்தானுக்குக் குடிபோனார்கள். மாமா அதே ஆண்டு காலமானார்.

2023-இல் ஒரு நாள் தெலுக் இந்தான் பசாரில் யாரோ "டீச்சர்" என்று கூப்பிட்டார்கள். உயரமாக, தாயின் முகத்தோடு, கையில் காய்கறிப் பையோடு அந்தப் பெண் நின்றாள். பதினேழு வயது. அம்மா எப்படி என்று பயந்துகொண்டே கேட்டேன்.

"இருக்காங்க டீச்சர். அதே செவ்வா, வியாழன், சனிதான். வீட்டுலயே கேக் செஞ்சு விக்கிறாங்க. அவங்க சாப்பிடுறதில்ல" என்று சிரித்தாள்.

எனக்குத் தொண்டை அடைத்தது. பக்கத்திலேயே ஒரு சாப்பாட்டுக் கடை. "வாம்மா, ஒரு தே ஓ குடிச்சிட்டுப் போகலாம்" என்றேன்.

"வேணாம் டீச்சர்" என்றாள்.

வேண்டாம் என்றால் வேண்டாம்தான். ஆனால் என் மனம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது. இன்னும் கோபம் இருக்கிறது, மிட்டாய் டப்பாவை மறக்கவில்லை, அந்தப் பாட்டை மறக்கவில்லை, அம்மாவுக்கு வந்தது இவளுக்கும் வந்துவிட்டதோ என்று ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கிக்கொண்டே போயிற்று. அவள் கும்பிட்டுவிட்டுக் கூட்டத்தில் நடந்தாள். மீன் கடைப் பக்கம் திரும்பும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, நான் வாங்க வந்த கீரையை வாங்கப் போனேன்.